வலது இருக்கையில் கழிந்த வருடங்கள்

லாரிக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் டிரைவர், இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கிளீனர். விமானத்தில் அது அப்படியே தலைகீழ். கேப்டன் இடது இருக்கையில் உட்காருவார், துணை விமானி வலது இருக்கையில். இந்த ஒரு வரியை என் அப்பாவிடம் சொல்ல எனக்கு ஏழு வருடம் ஆயிற்று.

அப்பா ஒரே ஒரு லாரி வைத்து, அதைத் தானே ஓட்டியவர். மல்லசமுத்திரத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து நாக்பூர், இந்தூர், கட்டாக் என்று போய்விட்டு இருபது நாள் தாடியோடு வந்து இறங்குவார். பள்ளி விடுமுறையில் உள்ளூர் லோடு கிடைத்தால் என்னையும் ஏற்றிக்கொள்வார். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றிப் போன நாட்கள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. கிளீனர் அண்ணன் மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வார், அவருடைய இடம் எனக்கு. முச்சந்தி வந்தால் அப்பா வண்டியை நிறுத்தி, "எடப்பக்கம் என்ன சாமி?" என்பார். நான் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "லெப்ட்டு கிளியருங்கப்பா" என்பேன். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

அவ்வளவு பெரிய வண்டி என் ஒரு சொல்லுக்காக நிற்கிறது என்பதில் எனக்கு அப்போதே தலைக்கனம் ஏறிவிட்டது. பைலட் ஆகும் ஆசை எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், சின்ன வயதில் வானத்தைப் பார்த்தேன் என்று ஏதாவது சொல்லி வைப்பேன். கேட்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. உண்மையில் அது அந்த முச்சந்திகளில் வந்தது.

அப்பாவிடம் ஒரு பலவீனம் உண்டு. பிறர் ஓட்டும் வண்டியில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. பஸ்ஸில் போனாலும் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வருவார். கல்யாணத்துக்குச் சேலம் போய்த் திரும்பினால் வலது கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டியிருக்கும். "இந்த மனுசனோட பஸ்ஸுல போறதுக்கு நடந்தே போயிரலாம்" என்பாள் அம்மா.

பயிற்சியெல்லாம் முடித்து, ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்த முதல் வாரம், சீருடையோடு காக்பிட்டில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அதில் நான் வலது இருக்கையில் இருந்தேன், வேறு எங்கே இருப்பேன். அப்பா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குப் போயிருக்கிறார். வெல்டிங் வேலையை நிறுத்தச் சொல்லி ஒவ்வொருவரிடமும் காட்டியிருக்கிறார். பொழுது சாய எனக்குப் போன் வந்தது.

"பட்டறையில எல்லாரும் பாத்தாங்க சாமி. மொதல்ல ஆரும் நம்புல. வலப்பக்கம் ஆரு உக்காந்திருக்கறதுன்னு கேட்டேன். அப்பறந்தான் வாயடச்சுது." கொஞ்சம் நிறுத்தி, "வண்டி எடுக்கும்போது டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சாங்களா?" என்றார்.

"அதெல்லாம் வெக்க மாட்டாங்கப்பா."

"செரி, நீ மனசுல வெச்சுக்க."

அப்போதே திருத்தியிருக்கலாம். ஒரு நிமிடப் பேச்சு. ஆனால் போனில் அவருடைய குரல் நான் அதற்கு முன் கேட்டறியாத குரலாக இருந்தது. பெண் பிள்ளையை இதற்கெல்லாம் அனுப்புகிறாயா என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவில் அவர் முதன்முறையாக நெஞ்சு நிமிர்த்தி நின்ற நாள் அது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

முழுப் பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள வழியும் இருந்தது. துணை விமானி சும்மா உட்கார்ந்து வருபவர் இல்லை. ஒரு நடை கேப்டன் ஓட்டினால் மறு நடை நான் ஓட்டுவேன். ஆனால் வண்டி யார் பொறுப்பு என்று கேட்டால் இடது இருக்கைதான். அங்கே போய் உட்கார வேறு உரிமம் வேண்டும். ஏ.டி.பி.எல். என்பார்கள். ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும், பரீட்சைகள் எழுத வேண்டும், அதற்குப் பிறகு கம்பெனி தனியாகப் பழக்கி, தனியாகச் சோதித்து அனுப்ப வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று வருடம் என்று கணக்குப் போட்டேன். மூன்று வருடம் அப்பா என்னை டிரைவர் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும், அதற்குள் நான் ஆகியே விடுவேன் என்று இருந்தேன். என் அவசரப் புத்திக்கு அது நியாயமாகவே பட்டது.

அடுத்த வருடம் எங்கள் நிறுவனம் பெங்களூருவிலிருந்து சேலம், சேலத்திலிருந்து கொச்சி என்று ஒரு தடம் ஆரம்பித்தது. திரும்பும்போது சேலம் கிடையாது, கொச்சியிலிருந்து நேராகப் பெங்களூருதான். அந்தத் தடத்தில் எனக்கு வாரத்துக்கு இரண்டு நடை கிடைத்தது. ஓமலூர் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற சின்ன விமான நிலையம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சேலத்தில் இறங்கி அரை மணி நேரம் நிற்கும்போதெல்லாம், கதவுக்கு வெளியே வருகிற வெயிலின் வாசனைகூட எங்கள் ஊர் வாசனையாக இருக்கும். ஒரு மணி நேரத் தொலைவில் வீடு. நான் இருக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. மனது கிடந்து அடித்துக்கொள்ளும்.

கிளம்பி மேலேறித் தென்மேற்கே திரும்பினால் எங்கள் ஊர் இடப்பக்கம் வரும். அதாவது கேப்டன் பக்கம். வலது இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தால் அவருடைய தோளும் கொஞ்சம் ஆகாயமும்தான் தெரியும். கீழே தரை தெரியாது. எத்தனையோ முறை என் வீட்டைத் தாண்டிப் பறந்திருக்கிறேன். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

தடம் ஆரம்பித்த செய்தி பேப்பரில் வந்த அன்றே அப்பா கேட்டார்.

"நான் இன்னிக்கு வரைக்கும் இன்னொருத்தர் ஓட்டற வண்டியில கண்ண மூடுனதில்ல சாமி. உனக்கே தெரியும். நீ ஓட்டறதுல ஒரு தரம் உக்காந்து தூங்கோணும். கொச்சி வரைக்கும் ஒரே தூக்கம். அவ்வளவுதான் எனக்கு."

என் அப்பா என்னிடம் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "கூட்டிட்டுப் போறேங்கப்பா, கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன்.

பயம் வேறொன்றுமில்லை. விமானம் கிளம்பும்முன் அறிவிப்பு வரும். உங்கள் கேப்டன் இன்னார், துணை விமானி இன்னார் என்பார்கள். லாரி ஓட்டி இந்தியா முழுக்கச் சுற்றிய மனிதருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியாமல் போகாது. பட்டறை முழுக்க என்னை டிரைவர் என்று சொல்லி வைத்திருக்கிறவரை, நான் கிளீனராக இருந்துகொண்டு ஏற்றிப் போக எனக்கு மனம் வரவில்லை. இடது இருக்கைக்குப் போன பிறகு, என் பெயரை முதலில் சொல்லும்போது, அவர் சன்னலோரம் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் காட்சியை ஓட்டல் அறைகளில் படுத்துக்கொண்டு எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் கட்டியிருக்கும் வேட்டியின் கரை வரைக்கும் அதில் இருக்கும்.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "வர்ற பொதங்கெழம நான் வாரேன். சட்ட கூடத் தேச்சு வெச்சாச்சு. டிக்கெட்ட மட்டும் நீ பாரு" என்றார்.

"புதங்கிழம எடமில்லீங்கப்பா. புல் ஆயிருச்சு" என்றேன்.

அந்தப் புதன்கிழமை சேலத்தில் கதவை அடைக்கும்முன் லோடு ஷீட் கைக்கு வந்தது. எத்தனை பேர், எத்தனை மூட்டை, எவ்வளவு எடை என்கிற தாள். லாரியில் இருப்பதுபோல இங்கும் லோடு கணக்குப் பார்க்காமல் வண்டி எடுக்க முடியாது. பதினோரு இடம் காலி. எண்களைச் சரிபார்ப்பது என் வேலை, சரிபார்த்தேன். கொச்சிவரை அந்தப் பதினோரு காலி இருக்கைகளும் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தன.

அதற்குப் பிறகு பெருந்தொற்று வந்தது. விமானங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, இன்ஜினுக்கு உறை போட்டு மூடினார்கள். பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் என் லாக் புக்கில் மணிக்கணக்கு நின்ற இடத்திலேயே நின்றது. நான் ஊருக்கு வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருட டீசல் புகையும் பீடியும் ஏற்கெனவே அப்பாவின் நுரையீரலில் குடியிருந்தன. காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிரோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஆனால் அவரோடு ஒரு ஆக்சிஜன் மெஷினும் வீட்டுக்கு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். மூக்கில் குழாயோடு, நிற்கிற லாரியின் இன்ஜினைக் கேட்பதுபோல அதைக் கூர்ந்து கேட்டுவிட்டு அப்பா, "ஐட்லிங்கு கொஞ்சம் எச்சா இருக்குது" என்றார்.

தடம் மறுபடி தொடங்கியபோது சேலம் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். நாற்பது நிமிடப் பயணம்தான் டாக்டர், என்றேன். அவர் என் சீருடை வேலையைப் பற்றித் தெரிந்தவர். "கேபின்ல காத்து எவ்வளவு மெலிசா இருக்கும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?" என்றார். சொல்ல வேண்டாம்தான். விமானத்துக்குள் இருக்கும் காற்று ஏற்காட்டைவிட உயரமான ஒரு மலையின் காற்று. வாசல்படி ஏறினாலே அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. அதை எனக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் பரீட்சையும் எழுதித் தேறியிருக்கிறேன். மருத்துவமனை வாசலில் ஒரு இளநீர் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் வெகுநேரம் நின்றிருந்தேன்.

அப்பாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு, "இதத் தூக்கிட்டு எங்க போறது. உடு" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இடது, வலது விஷயத்தைச் சொல்வதற்கு இனிமேல் என்ன அவசரம் என்று நானும் விட்டுவிட்டேன். அவர் சந்தோஷமாக நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றையாவது அவரிடம் விட்டுவைப்போம் என்று நினைத்தேன். இப்படி எனக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

பரீட்சைகளுக்கு உட்கார்ந்தேன். வழி கண்டுபிடிக்கும் தாளில், அதாவது நேவிகேஷனில், முதல் முறை தோற்றேன். நாக்பூருக்கு மேப் இல்லாமல் போய் வந்தவரின் மகள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டாம் முறை தேறினேன். மணிக்கணக்கு நிறைந்தது, உரிமம் கைக்கு வந்தது. இன்னொரு வருடம் காத்திருந்து இடது இருக்கைப் பயிற்சியும் ஆரம்பமானது. முதல் நாள் அந்த இருக்கையில் உட்கார்ந்தபோது வலக்கைக்குப் பழகியதெல்லாம் இடக்கைக்கு மாறியிருந்தது. விமானத்தைத் தரையில் நகர்த்தும்முன் இருவரும் அவரவர் பக்கம் பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக நான் சொன்னது "ரைட் கிளியர்." அன்று வெளியே பார்த்து "லெப்ட் கிளியர்" என்றேன். யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் அதையே சொன்னேன். பக்கத்திலிருந்த பயிற்சி கேப்டன் பதற்றம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கடைசிச் சோதனைக்கு முன்னால் நான்கு நாள் விடுப்பில் ஊருக்கு வந்தேன். மத்தியானம். அம்மா சமையற்கட்டில் இருந்தாள், அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது இருக்கையில் நான் இருக்கும் படத்தைப் போனில் எடுத்து அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மாறிவிட்டது. சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏஞ்சாமி, எடப்பக்கம் மாத்திட்டாங்க? என்ன தப்புப் பண்ணுன?"

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் பயந்துவிட்டார். "அட, வண்டின்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். எதுலயாச்சும் இடிச்சுப்போட்டயா? அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் சொன்னேன். விமானத்தில் இடது பக்கம் இருப்பவர்தான் டிரைவர் என்றேன். இத்தனை வருடமும் நான் துணைக்கு இருந்தவள் என்றேன். அந்தப் புதன்கிழமையைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தப் பொதங்கெழம எடம் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கப்பா. பதினோரு எடம்."

அவர் கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் படத்தை மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டுப் போனைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்தார்.

"நீ கிளீனரா இருந்தாலும் வந்திருப்பனே சாமி" என்றார். பிறகு மூச்சுக்காகக் கொஞ்சம் நிறுத்தி, "தூங்கித்தான் இருக்க மாட்டேன். உன்னயப் பாத்துட்டே வந்திருப்பேன்" என்றார்.

ஏழு வருடம் நான் காத்துவந்தது எதை என்று எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. அவருடைய பெருமையை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னுடையதைத்தான். நான் எந்த இருக்கையில் இருக்கிறேன் என்பது பட்டறைக்குத்தான் முக்கியம், எனக்குத்தான் முக்கியம். அவருக்கு நான் இருக்கும் வண்டியாக இருந்தால் போதும்.

நான் கிளம்பும் நாளன்று அவராகவே கேட்டார். "எடப்பக்கம் உக்காந்தா நம்மூடு தெரியுமா?"

"நம்ம ஊர் தெரியும். ஊடு புள்ளி மாதிரித்தான் இருக்குங்கப்பா. எதுன்னு கண்டுபுடிக்க முடியாது."

"லாரித் தார்ப்பாய் கெடக்குது. மொட்டமாடியில விரிச்சா மாடி பூராவும் நீலமா இருக்கும். அது கூடவா தெரியாது?"

லாரியை விற்றபோது அந்தத் தார்ப்பாயை மட்டும் அவர் கொடுக்கவில்லை. எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு மாடியில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைக்கச் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்தபடியே, மூலை இழுவையாக இருக்கிறதா, காற்றுக்குத் தூக்குமா என்று சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கயிறு போட்டுக் கட்டியவர்.

சோதனையில் தேறினேன். கேப்டனாக எனக்குக் கிடைத்த முதல் வாரத்திலேயே சேலம் நடை ஒன்று இருந்தது. அறிவிப்பில் என் பெயரை முதலில் சொன்னார்கள். சன்னலோரம் யாரோ ஒரு பெரியவர் இருந்திருப்பார், அவர் என் அப்பா இல்லை. இடப்பக்கம் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பத்தாயிரம் அடி தாண்டும்வரை வேலையைத் தவிர வேறு பேச்சோ வேடிக்கையோ கூடாது என்பது விதி. தாண்டியதும், ஓட்டும் பொறுப்பைப் பக்கத்திலிருந்த துணை விமானிப் பையனிடம் ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கம் குனிந்து பார்த்தேன்.

ஏழு வருடமாகக் கேப்டன்களின் தோள் மறைத்த இடம். கீழே வெண்பஞ்சு மேகம், இடுக்கு இல்லாமல் விரிந்து கிடந்தது. சங்ககிரி மலைகூடத் தெரியவில்லை.

கொச்சியில் இறங்கியதும் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுதா சாமி?"

தெரிந்தது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஒரு சொல்தான், அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்.

"இல்லீங்கப்பா. மேகம்."

போனைக் காது மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"மறுக்கா எப்ப வார?"

"வெசாழக்கெழமைங்க."

"செரி. அது வரைக்கும் கெடக்கட்டும்" என்றார். பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டே அம்மாவிடம் சொல்வது கேட்டது. "தார்ப்பாயை ஆரும் எடுத்துப்போடாதீங்க. புள்ளைக்கு இன்னும் தெரியலயாம்."